பிரஸ் ஷாப்பில் விரல் போகாமல் இருக்க முதலாளி செய்ய வேண்டிய வேலைகள்: ஒரு முழு வழிகாட்டி

இரண்டாவது ஷிஃப்ட், இரவு ஒன்பதே முக்கால். 50 டன் பிரஸ் (தகட்டை அச்சில் வைத்து அடித்து வடிவம் கொடுக்கும் இயந்திரம்) ஒன்றில் பிராக்கெட் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்தாறு பீஸுக்கு ஒரு தடவை பீஸ் கீழ் டையிலேயே, அதாவது கீழ் அச்சிலேயே, ஒட்டிக்கொள்கிறது. ஆபரேட்டர் வலது காலைப் பெடலிலிருந்து எடுக்காமலே, இடது கை ஆள்காட்டி விரலால் அதைச் சுண்டித் தள்ளுகிறார். அரை விநாடி வேலை. கை உள்ளே போகாமல் தடுக்கும் கார்டு கழற்றப்பட்டுச் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. அது மாட்டியிருந்தால் சுண்ட முடியாது. ஒவ்வொரு தடவையும் நிறுத்தி எடுத்தால் டார்கெட் வராது. சூப்பர்வைசர் அந்தப் பக்கமாகத்தான் போகிறார், பார்க்கிறார், ஒன்றும் சொல்லவில்லை. காலை 7 மணிக்கு வண்டி கிளம்பியாக வேண்டும்.

அந்த அரை விநாடியில் விரல் போனால் பதிவேட்டில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதுவார்கள். ஆனால் அதற்கு முன்பே மூன்று முடிவுகள் எடுத்தாகிவிட்டது: ஒட்டுகிற டையைச் சரிசெய்ய டூல் ரூமுக்கு அனுப்பவில்லை, கார்டு இல்லாமல் ஓட்ட விட்டார்கள், டை இருக்கும் லட்சணம் தெரியாமல் வண்டி நேரத்துக்கு வாக்குக் கொடுத்தார்கள். இதில் ஒன்றுகூட ஆபரேட்டர் எடுத்த முடிவு இல்லை.

அம்பத்தூர், ஒசூர், கோவை மாதிரி இடங்களில் 50 முதல் 150 பேரை வைத்து வாகன உதிரிபாகம் அடிக்கும் பிரஸ் ஷாப்பின் முதலாளிக்கும் பிளான்ட் ஹெட்டுக்கும் எழுதியது இது. 'பாதுகாப்புத் தலைமை' என்றால் தேசியப் பாதுகாப்பு நாளான மார்ச் 4 அன்று உறுதிமொழி வாசிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். வாசியுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் விரல் ஏன் டைக்குள் போகிறது என்று விடாமல் கேட்டுக்கொண்டு போனால், உங்கள் லாபம் எங்கே ஒழுகுகிறது என்பதும் அதே இடத்தில் தெரியும்.

அமெரிக்காவின் அல்கோவா அலுமினிய நிறுவனத்தில் 1987இல் தலைமைக்கு வந்த பால் ஓநீல், முதலீட்டாளர்களுடனான முதல் கூட்டத்தில் லாபத்தைப் பற்றிப் பேசாமல் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். கேட்டவர்களில் சிலர் ஆள் சரியில்லை என்று முடிவுகட்டினார்கள். அவர் 2000இல் ஓய்வு பெறும்போது நிறுவனத்தின் மதிப்பு பல மடங்கு ஏறியிருந்தது, காயத்தால் போகும் வேலைநாள் மிகவும் குறைந்திருந்தது. அலுமினியச் சந்தை, நிறுவனங்களை வாங்கியது என்று அந்த வளர்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. பாதுகாப்பு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடப் போன இடத்தில் உற்பத்தி முறையின் கோளாறு பிடிபட்டது என்பது பிரஸ் ஷாப்புக்கும் அப்படியே பொருந்தும்.

முதல் வேலை: ஒரு விரலின் கணக்கு

ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே, நமக்கு என்ன செலவு என்று கேட்பவர்கள் உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு நீங்கள் 3.25 சதவீதம், அவர் 0.75 சதவீதம் கட்டுகிறீர்கள். அடிபட்டால் சிகிச்சை, விடுப்புக்கால ஊதியத்தில் 90 சதவீதம், நிரந்தர ஊனத்துக்கு மாதத் தொகை எல்லாம் அங்கிருந்து வரும். சட்ட அட்டவணைப்படி ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீத உழைப்புத் திறன் இழப்பு, கட்டைவிரல் போனால் 30, ஒரு கையின் நான்கு விரலும் போனால் 50. ஆனால் உங்கள் பிரஸ் நின்றதற்கு ஈ.எஸ்.ஐ. ஒரு ரூபாயும் தராது.

ஒரு தாளில் எழுதுங்கள்: பிரஸ் எத்தனை ஷிஃப்ட் நிற்கும், அதே லைனில் அடுத்த ஆபரேஷன் எத்தனை மணி காத்திருக்கும், டை உடைந்திருந்தால் அதன் செலவு, விட்டதைப் பிடிக்க ஓ.டி., வாடிக்கையாளருக்கு லேட்டானால் தனி வண்டி வாடகை அல்லது லைன் நிறுத்த அபராதம், புது ஆள் பழகும் வரை போகும் ஸ்கிராப், மருத்துவமனை, போலீஸ், இன்ஸ்பெக்டர், வாடிக்கையாளரின் ஆடிட் என்று நீங்களும் மேனேஜரும் அலையும் நாட்கள். மொத்தம் 4 லட்சம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நிகர லாபம் 5 சதவீதம் என்றால் அதை ஈடுகட்ட 80 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும். கார்டு செய்ய ஆகும் செலவை இந்த 80 லட்சத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். உங்கள் எண்ணை நீங்களே போட்டு, சூப்பர்வைசர்களை உட்காரவைத்து அவர்கள் முன்னால் போடுங்கள். அடுத்தவர் போட்ட கணக்கை யாரும் நம்புவதில்லை.

இரண்டாவது: எந்த பிரஸ் நடுவில் நிற்கும், எது நிற்காது

காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான். சின்ன ஷாப்புகளில் உள்ள பழைய சி-ஃபிரேம் பிரஸ்களில் பெரும்பாலானவை கீ கிளட்ச். ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் ரோலிங் கீ என்ற இரும்புத் துண்டு விழுந்து ஃபிளைவீலையும் ராமை இறக்கும் கிராங்க் ஷாஃப்டையும் பூட்டிவிடும். ஒரு முழுச் சுற்று முடியும் வரை விடாது. ராம், அதாவது மேல் டையோடு இறங்கி அடிக்கும் பகுதி, பாதி வழியில் இருக்கும்போது எந்த பட்டனை அமுக்கினாலும் அது நிற்காது. ஏர் கிளட்ச், அதாவது ஃபிரிக்‌ஷன் கிளட்ச் பிரேக் உள்ள பிரஸ் அப்படியில்லை. எந்த இடத்திலும் நிற்கும்.

கீ கிளட்ச் பிரஸ்ஸில் லைட் கர்ட்டன் (கை குறுக்கே போனால் உணரும் ஒளித்திரை) மாட்டி விற்கிறார்கள். அதனால் முடிவது அடி தொடங்குவதைத் தடுப்பது மட்டுமே. தொடங்கிய பிறகு கை உள்ளே போனால், விளக்கு சிவப்பாக எரியும், ராம் வந்துகொண்டே இருக்கும். ஆபரேட்டருக்கோ 'கர்ட்டன் இருக்கிறது' என்ற தைரியம் வந்திருக்கும். ஒன்றும் இல்லாததைவிட இது ஆபத்து.

இரண்டு கையாலும் அமுக்கினால்தான் அடி விழும் இரண்டு கை பட்டனும் கீ கிளட்ச்சில் ஏமாற்றும். கை நகரும் வேகம் விநாடிக்கு 1.6 மீட்டர் என்று வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். நிமிடத்துக்கு 60 அடி அடிக்கும் பிரஸ். ஃபிளைவீலில் கீ விழும் பள்ளம் ஒன்றுதான். பட்டனை அமுக்கிய கணத்தில் பள்ளம் அப்போதுதான் கடந்து போயிருந்தால் ஒரு சுற்று காத்திருந்து, பிறகு அரைச் சுற்றில் ராம் கீழே வரும். ஆக 1.5 விநாடி. பட்டன் டையிலிருந்து 2.4 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பள்ளம் நான்கு இருந்தாலும் 1.2 மீட்டர். அவ்வளவு தூரத்தில் வைத்து யார் பீஸ் போடுவார்கள்? அதனால் கீ கிளட்ச் பிரஸ்ஸுக்கு நிலையான கார்டுதான் முதல் வழி.

ஏர் கிளட்ச் பிரஸ்ஸில் கர்ட்டன் போடலாம், ஆனால் கர்ட்டனுக்கும் டைக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கணக்கிட வேண்டும். கை கர்ட்டனைத் தொட்டதிலிருந்து ராம் முழுதாக நிற்கும் வரை ஆகும் நேரத்தை விநாடியில் எடுத்து 2000ஆல் பெருக்குங்கள். கர்ட்டனின் பிரித்தறியும் அளவில் (அது உணரும் மிகச் சிறிய பொருளின் பருமனில்) 14 மில்லிமீட்டரைக் கழித்து 8ஆல் பெருக்கி அதோடு கூட்டுங்கள். நிற்கும் நேரம் 0.15 விநாடி, கர்ட்டன் 30 மில்லிமீட்டர் என்றால் 300, அதோடு 128: மொத்தம் 428 மில்லிமீட்டர். அதே பிரஸ்ஸுக்கு 14 மில்லிமீட்டர் கர்ட்டன் வாங்கினால் 300 போதும். விடை 500ஐத் தாண்டினால் 2000க்குப் பதில் 1600 போட்டுத் திரும்பக் கணக்கிடலாம். ஆனால் 500க்குக் கீழே வைக்கக் கூடாது. பிரேக் லைனிங் தேயத் தேய நிற்கும் நேரம் கூடும். அன்று சரியாக இருந்த தூரம் ஒரு வருடத்தில் போதாமல் போகும். நிற்கும் நேரத்தை அளக்கும் கருவியோடு ஆள் வந்து போகும் தேதியைப் பிரஸ்ஸிலேயே எழுதி ஒட்டுங்கள்.

மூன்றாவது: கழற்ற யாருக்கும் தோன்றாத கார்டு

கழற்றி வைக்கப்பட்ட கார்டுகளில் பாதிக்கு மேல் சரியாகச் செய்யப்படாதவை என்பது எங்கள் கருத்து. டை தெரியவில்லை, பீஸ் போட இடமில்லை, ஸ்கிராப் அடைக்கிறது. அப்புறம் யார்தான் மாட்டுவார்கள்?

வரைவதற்கு முன் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, பீஸ் எங்கிருந்து போகிறது, எங்கே விழுகிறது என்று அவரையே காட்டச் சொல்லுங்கள். கம்பி வைத்தால் செங்குத்தாக வையுங்கள். கிடைக்கம்பி கண்ணை மறைக்கும். மினுமினுக்காத கறுப்புப் பெயின்ட் அடித்தால் கம்பிக்குப் பின்னால் உள்ளது நன்றாகத் தெரியும். பாலிகார்பனேட் தகடு நல்லது, ஆனால் எண்ணெய் தெறித்து மங்கும். துடைக்கும் வேலையை யாருக்காவது கொடுங்கள், மாற்றுத் தகடு ஒன்றை ஸ்டோரில் வையுங்கள். கையால் திருகும் பட்டாம்பூச்சி நட் கூடாது, ஆலன் போல்ட் போடுங்கள். சாவி பிரஸ்ஸில் டையை மாட்டும் டை செட்டரிடம் மட்டும்.

ஷீட் போகும் இடைவெளிக்கு அளவு உண்டு. நீள்வாய் 6 மில்லிமீட்டர் உயரம் வரை இருந்தால் டையின் ஆபத்தான முனை அதிலிருந்து 10 மில்லிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் வாய்க்கு 80, 12க்கு 100, 20க்கு 120. அதற்கு மேல் வாய் திறந்தால் தோள்வரை கை போகும். 30 மில்லிமீட்டர் நீள்வாய்க்கு 850 வேண்டும். இந்த எண்களைப் பெரிதாக எழுதி டூல் ரூம் சுவரில் ஒட்டுங்கள். புது டை வரையும்போதே கார்டும் சேர்ந்து வரட்டும். கார்டு இல்லாத டை டூல் ரூமை விட்டு வெளியே வரக்கூடாது.

பெடலுக்கு மேலும் பக்கத்திலும் மூடி வேண்டும். கையிலிருந்து நழுவிய பீஸ் பெடலில் விழுந்தாலே போதும், ராம் இறங்கிவிடும்.

இடுக்கி, காந்தக் கோல் எல்லாம் கொடுங்கள். இரும்பு வேண்டாம், அலுமினியத்தில் செய்தால் உள்ளே மாட்டிக்கொண்டாலும் டை தப்பிக்கும். ஆனால் இடுக்கி கொடுத்துவிட்டோம், கார்டு எதற்கு என்ற பேச்சுக்கு மட்டும் இடம் தராதீர்கள். அவசரத்தில் கை முந்திக்கொள்ளும்.

நான்காவது: பீஸ் ஏன் ஒட்டுகிறது?

பீஸை வெளியே தள்ளும் எஜெக்டர் பின்னின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பஞ்ச் (மேலிருந்து வெட்டும் பகுதி) முனை மழுங்கி, பீஸின் விளிம்பில் பர் என்ற பிசிறு ஏறியிருக்கும். பர் ஏறிய பீஸ் டைச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். பஞ்சுக்கும் டைக்கும் உள்ள இடைவெளியான கிளியரன்ஸ் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எண்ணெய் கூடினால் மெல்லிய ஷீட் காற்றில்லாமல் ஒட்டிக்கொள்ளும். இதில் எதைச் சரிசெய்தாலும் விரல் உள்ளே போகும் தேவை குறையும். அதோடு பர் இல்லாத பீஸ் வரும், ரிஜெக்‌ஷன் குறையும், டை ஆயுள் கூடும். பாதுகாப்பும் லாபமும் ஒன்று என்று மேடையில் பேச வேண்டியதில்லை, எஜெக்டர் ஸ்பிரிங்கைப் பார்த்தால் போதும்.

செய்முறை எளிது. ஒவ்வொரு பிரஸ்ஸிலும் ஒரு தாள். பீஸ் ஒட்டினால் ஆபரேட்டர் ஒரு கோடு போடட்டும், அவ்வளவுதான். ஷிஃப்டுக்கு எத்தனை கோடு வந்தால் டை டூல் ரூமுக்குப் போக வேண்டும் என்று நீங்கள் ஒரு எண்ணை முடிவுசெய்யுங்கள். 10 என்று தொடங்கலாம். எண் தாண்டினால் டை இறங்க வேண்டும், வண்டி காத்திருந்தாலும். முதல் மாதம் வலிக்கும். அந்த மாதம் நீங்கள் பின்வாங்கினால் தாளைப் பிறகு யாரும் தொட மாட்டார்கள்.

ஐந்தாவது: ஷிஃப்ட் தொடக்கத்தில் இரண்டு நிமிடம்

கீ கிளட்ச் பிரஸ்ஸின் மோசமான கோளாறு இரட்டை அடி. ஒரு தடவை மிதித்தால் இரண்டு தடவை இறங்கும். முதல் அடி முடிந்தது என்று கையை நீட்டும்போது இரண்டாவது வரும். கீ ஸ்பிரிங் உடைவது, கீயின் முனை தேய்வது, பெடல் திரும்பும் ஸ்பிரிங் தளர்வது, பிரேக் லைனிங்கில் எண்ணெய் ஏறுவது என்று இதற்குக் காரணங்கள் பல.

சோதனை: ஷீட் இல்லாமல், கையை வெளியே வைத்து, பெடலை மிதித்தபடியே பிடியுங்கள். ராம் ஒரே ஒரு அடி அடித்து மேலே நிற்க வேண்டும். பத்துத் தடவை செய்யுங்கள். நிற்கும் இடத்தையும் பாருங்கள்: உச்சியைத் தாண்டி ராம் கொஞ்சம் இறங்கி நின்றால் பிரேக் தளர்ந்துவிட்டது என்று பொருள். பத்தில் ஒரு தடவை தவறினாலும் அந்த பிரஸ்ஸில் சிவப்பு அட்டை தொங்கட்டும். 'ஒரு தடவைதானே' என்று ஓட்டினால், இரண்டாவது தடவை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஆறாவது: டை மாற்றும்போது

மோட்டாரை நிறுத்தினாலும் ஃபிளைவீல் பல நிமிடம் சுற்றும். அந்த நேரத்தில் பெடல் மிதிபட்டால் ராம் இறங்கும். ஆகவே வரிசை இது: மெயின் ஸ்விட்ச் நிறுத்து, அதில் செட்டர் தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வை, ஃபிளைவீல் கண்ணுக்குத் தெரிய நிற்கும் வரை காத்திரு, பெடலை மிதித்து ஒன்றும் நடக்கவில்லை என்று உறுதிசெய், ராமுக்கும் கீழே உள்ள பெட்டுக்கும் (டை மாட்டும் மேடை) நடுவே முட்டுக்கட்டை வை, பிறகு கையை உள்ளே விடு. இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. ஏர் கிளட்ச் என்றால் காற்றையும் அடைத்து வெளியேற்ற வேண்டும். முட்டுக்கட்டையை எடுக்க மறந்து பிரஸ்ஸை ஓட்டி உடைத்தவர்கள் உண்டு. அதற்கு ஒரு பிளக் கட்டி, கட்டை அதன் தாங்கியில் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாதபடி வயரிங் செய்யலாம்.

ஏழாவது: நிறுத்தும் உரிமை

'யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம்' என்று போர்டு எழுதுவது சுலபம். ஒருவர் உண்மையிலேயே நிறுத்தும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் மற்ற எல்லோரும் பார்க்கிறார்கள்.

"அண்ணே, ராம் இரண்டு தடவை இறங்குது. நிறுத்திட்டேன்."

"இன்னும் 400 பீஸ்தானே தம்பி, முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்" என்று சூப்பர்வைசர் சொன்னால் உங்கள் பாதுகாப்புக் கொள்கை அந்த இடத்திலேயே முடிந்துபோனது. "சரி, நல்லதாப் போச்சு. அட்டையைத் தொங்கவிடு, நான் செட்டரைக் கூப்பிடறேன்" என்று சொல்ல சூப்பர்வைசருக்குத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் உங்களிடமிருந்துதான் வரும். நின்ற நேரத்தின் டார்கெட்டைக் கணக்கிலிருந்து கழியுங்கள், இன்சென்டிவ் வெட்டாதீர்கள். பீஸ் கணக்கில் கூலி கொடுக்கும் இடத்தில் நிறுத்தும் உரிமை காகிதத்தில்தான் இருக்கும். பிரஸ் ஆபரேட்டருக்கு மட்டுமாவது நேரக் கூலிக்கு மாறுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. தினமும் 15 நிமிடம், நேரம் மாற்றி மாற்றி, வாரத்தில் ஒரு நாள் இரவு ஷிஃப்டில், ஷாப்பில் நடங்கள். போனைப் பையில் வையுங்கள். ஒரு பிரஸ்ஸின் முன் நின்று இருபது அடி பாருங்கள்: கை எங்கே போகிறது, கார்டு எங்கே இருக்கிறது, இரண்டு கை பட்டனில் ஒன்று டேப் ஒட்டியோ ரப்பர் பேண்ட் போட்டோ கட்டப்பட்டிருக்கிறதா. டேப்பைப் பார்த்தால் திட்டாதீர்கள். "ஒரு கையால ஷீட்டைப் பிடிக்காம ஏன் முடியல?" என்று கேளுங்கள். ஷீட் நழுவுகிறது, ஷீட்டை இடத்தில் நிறுத்தும் லொகேட்டர் பின் தேய்ந்திருக்கிறது என்று பதில் வரும். அதை மாற்றியபின் டேப்பை எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியும் ஷூவும் நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். முதலாளி செருப்போடு வரும் ஷாப்பில் ஷூ போடு என்று யார் சொல்வது?

'விபத்தில்லா நாட்கள்: 214' என்ற போர்டு எங்களுக்குப் பிடிக்காது. 214 ஆன பிறகு சின்னக் காயத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதில் இந்த வாரம் எத்தனை நியர் மிஸ் (காயமாகாமல் மயிரிழையில் தப்பியது) சொல்லப்பட்டது, அதில் எத்தனை சரிசெய்யப்பட்டது என்று எழுதுங்கள். முதல் எண் ஏறினால் பயப்பட வேண்டாம், நம்பிக்கை வருகிறது என்று பொருள். இரண்டாவது எண் ஏறாவிட்டால்தான் பிரச்சினை.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் உங்கள் ஷாப்பில் பாதிப்பேர் இருக்கலாம். தமிழ்ப் போர்டு அவர்களுக்குச் சுவர் ஓவியம். சிவப்பு அட்டையில் படம் போடுங்கள். பத்து நிமிடக் காலைப் பேச்சை இந்தியிலோ ஒடியாவிலோ சொல்ல ஓர் ஆளைப் பழக்குங்கள். சொன்ன பிறகு 'புரிந்ததா' என்று கேட்காமல் செய்துகாட்டச் சொல்லுங்கள். கான்ட்ராக்டர் நேற்று அனுப்பிய ஹெல்பரை இன்று பிரஸ்ஸில் உட்காரவைப்பது எந்த ஷாப்பிலும் நடக்கக் கூடாத ஒன்று. ஈ.எஸ்.ஐ. பதிவு சேர்ந்த அன்றே. அடிபட்ட பிறகு அவசரமாகப் போட்ட பதிவை எந்த அலுவலரும் முதல் பார்வையிலேயே கண்டுபிடிப்பார்.

சட்டம், சுருக்கமாக

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்பது தொழிற்சாலையில் 500 பேர் முதல், அபாயகரமான தொழிலுக்கு 250 பேர் முதல்; பாதுகாப்புக் குழு எங்கே வேண்டும் என்பதை அரசு உத்தரவால் சொல்லும். உங்கள் அளவு ஷாப்பை அந்த எண்கள் தொடாது. இருந்தாலும் ஆபரேட்டர், செட்டர், கான்ட்ராக்ட் ஆள் என்று ஐந்து பேரை மாதம் ஒரு தடவை உட்காரவையுங்கள். கடமை தவறியதால் சாவு நேர்ந்தால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பலத்த காயம் என்றால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 2 முதல் 4 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டவருக்கோ வாரிசுக்கோ கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தகவல் போக வேண்டும்.

விரல் போய்விட்டால்

முதலில் ஆள். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேல் தூக்கி வையுங்கள். துண்டான விரலைத் தேடி எடுங்கள், தேய்த்துக் கழுவாதீர்கள். சலைனில் நனைத்த துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரலை நேராக ஐஸ் மேல் வைத்தால் திசு உறைந்து ஒட்டவைக்க முடியாமல் போகும். ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டியில் பையும் சலைனும் இருக்கட்டும், கேன்டீனில் ஐஸ்.

எந்த மருத்துவமனை என்பதை விபத்து நாளில் தேடக் கூடாது. சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு, கோவையில் கங்கா மருத்துவமனை மாதிரி விரலை ஒட்டவைக்கும் வசதியுள்ள இடங்களில் உங்களுக்கு எது பக்கம், இரவில் எப்படிப் போவது என்று இப்போதே எழுதி ஒட்டுங்கள். கூடவே ஓர் ஆள் போக வேண்டும், வீட்டுக்கு நீங்களே போன் செய்ய வேண்டும்.

பிரஸ்ஸைத் தொடாதீர்கள். கார்டு, பெடல், கீ, டை எல்லாவற்றையும் அப்படியே படம் எடுங்கள். அடுத்த நாள் விசாரணையில் முதல் கேள்வி 'யார்' என்று இருக்கக் கூடாது. கை எதற்கு உள்ளே போனது, அதற்கு முந்தைய ஷிஃப்டில் தாளில் எத்தனை கோடு இருந்தது, கார்டு எத்தனை நாளாகக் கழன்றிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு யார் யார் கடந்து போனார்கள் என்று கேளுங்கள். அந்தக் கடைசிப் பட்டியலில் உங்கள் பெயர் வந்தால் அதையும் எழுதுங்கள். பிறகு இரட்டை அடிச் சோதனை முடித்து, கார்டு மாட்டி, செட்டரும் அந்த லைன் ஆபரேட்டர் ஒருவரும் கையெழுத்துப் போட்ட பின்தான் பிரஸ் மறுபடி ஓடலாம். மூன்றாவது கையெழுத்து உங்களுடையது.